அறிவியல் முகாமுக்கு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? – ஒரு வரலாற்றுப் பார்வை



ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும். ஸ்ரீ கெம்பாங்கானில் வசிக்கும் என் மாணவி ஒருத்தி, படிவம் நான்கு, ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு விண்ணப்பம். விடுமுறையில் நடக்கும் அறிவியல் முகாம் ஒன்றுக்கு. பெயர், அடையாள அட்டை எண், தேர்வுப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு பெரிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. உன் மனத்தில் எழுந்த ஓர் அறிவியல் கேள்வியைப் பற்றி எழுது என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது.

"டீச்சர், இதுல என்னா எழுதுறது? நான் ஒன்னுமே கண்டுபிடிக்கலையே."

அறிவியல் ஆசிரியரிடம் போகாமல் என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "இது கட்டுரைதானே டீச்சர்" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல? உட்கார வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அந்தக் கட்டத்தின்மேலேயே ஒரு கேள்வி வந்தது. மாணவர்களை அறிவியலுக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் எங்கே தொடங்கியது? புள்ளி மட்டும் போதாது, எழுதியும் காட்டு என்று முதலில் யார் கேட்டார்கள்? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். எஸ்.டி.பி.எம். பிள்ளைகளுக்கும் உதவும். காரணம், விளைவு என்று பிரித்துப் பார்க்க இது நல்ல பாடம்.

கெட்டிக்காரப் பிள்ளைகளைச் சோதனை வைத்துப் பொறுக்கி எடுக்கும் பெரிய முயற்சிகளில் ஒன்று 1921-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உளவியலாளர் லூயிஸ் டெர்மன், நுண்ணறிவு ஈவு உயர்ந்த ஏறக்குறைய 1,500 கலிபோர்னியப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து என்ன ஆகிறார்கள் என்று பல்லாண்டு பின்தொடர்ந்தார். நல்ல நிலைக்கு வந்தவர்கள் அவர்களில் நிறைய. ஆனால் சோதனை எழுதியும் தேறாமல் வெளியே நின்ற பையன்களில் இரண்டு பேரை இன்று உலகம் அறியும். ஒருவர் வில்லியம் ஷாக்லி, டிரான்சிஸ்டருக்காக 1956-இல் நோபல் பரிசு பெற்றார். இன்னொருவர் லூயிஸ் ஆல்வரெஸ், 1968-இல் இயற்பியலுக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேரிலும் ஒருவருக்குக்கூட நோபல் கிடைக்கவில்லை. தேர்வு முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சொல்லிவிடும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இதை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளலாம்.

அந்த வெற்றுக் கட்டத்தின் மூதாதையை நான் கண்டது 1942-இல். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 'சயன்ஸ் சர்வீஸ்' என்ற அமைப்பும் வெஸ்டிங்ஹவுஸ் மின்பொருள் நிறுவனமும் சேர்ந்து, உயர்நிலைப்பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு ஓர் அறிவியல் திறன் தேடல் போட்டியை நடத்தின. எழுத்துத் தேர்வு உண்டு. அதோடு மாணவர் தாமே எழுதிய கட்டுரையும், அவரை அறிந்த ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். கடைசியில் 40 பேரை வாஷிங்டனுக்கு வரவழைத்து நேரில் பேசிப் பார்த்தார்கள். அந்த முதல் ஆண்டிலேயே ஒரு மாணவரும் ஒரு மாணவியும் முதலிடம் பெற்றார்கள். புரவலர் பெயர் 1998-இல் இன்டெல் என்றும் 2017-இல் ரெஜெனெரான் என்றும் மாறியதே தவிர, போட்டி இன்றும் நடக்கிறது.

இங்கே ஒருவரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். ரோல்ட் ஹாஃப்மன். 1937-இல் அன்றைய போலந்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகளின் காலத்தில் ஓர் உக்ரேனிய ஆசிரியர் தம் பள்ளிக்கூடத்தின் பரணில் அந்தத் தாயையும் பிள்ளையையும் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். தகப்பனார் கொல்லப்பட்டார். போர் முடிந்து, அகதியாக ஊர் ஊராக அலைந்து, 1949-இல் நியூயார்க் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 11. ஆங்கிலம் அவர் கற்ற ஆறாவது மொழி. ஆறே ஆண்டுகளில், 1955-இல், அதே வெஸ்டிங்ஹவுஸ் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டார். 1981-இல் ஜப்பானியர் கெனிச்சி ஃபுக்குயியோடு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆங்கிலத்தில் கவிதைத் தொகுதிகளும் வெளியிட்டிருக்கிறார்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான், "டீச்சர், அவருக்கு ஆறு மொழி, நமக்கு மூனுதானே?" சிரித்துவிட்டோம். ஆனால் அவன் கணக்கு சரி. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்றைச் சுமக்கும் நம் பிள்ளைகள், அதை ஒரு குறையாகவே நினைத்து வளர்கிறார்கள்.

அடுத்த திருப்பம் வானத்திலிருந்து வந்தது. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா அதிர்ந்துபோய் மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றி, அறிவியல், கணிதம், மொழிக் கல்வி ஆகியவற்றுக்குப் பெருந்தொகை ஒதுக்கியது. (மொழியும் அந்தப் பட்டியலில் இருந்தது. மொழியாசிரியர்கள் கவனிக்க.) 1959 கோடையில் கலிபோர்னியாவின் ஓஹாய் என்ற சிற்றூரில், தாச்சர் பள்ளியில், 'சம்மர் சயன்ஸ் புரோகிராம்' தொடங்கியது. மாணவர்கள் இரவில் தொலைநோக்கி வழியாக ஒரு சிறுகோளைப் படமெடுக்க வேண்டும். சில இரவுகள் கழித்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்தச் சில புள்ளிகளை வைத்துச் சூரியனைச் சுற்றும் அதன் முழுப் பாதையையும் கணக்கிட வேண்டும். மாணவர் கையில் கணினி இல்லாத காலம். மேசையில் வைத்துத் தட்டும் கணக்குப் பொறிதான். அந்த முகாம் 60 ஆண்டுகளைத் தாண்டி இன்னும் நடக்கிறது, சிறுகோள் பாடமும் இன்னும் இருக்கிறது. 1984-இல் அட்மிரல் ரிக்கோவரின் முயற்சியால் இன்னொரு முகாம், 'ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிடியூட்', வந்தது. அதில் சேரும் பிள்ளைகளிடம் பயிற்சிக்கோ தங்குவதற்கோ கட்டணம் வாங்குவதில்லை. விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில், எடுப்பது ஏறத்தாழ நூறு பேரை.

இதே ஸ்புட்னிக் காலத்தின் காற்று இந்தியாவிலும் வீசியது. 1961-இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, 1963-இல் தேசிய அறிவியல் திறன் தேடல் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் ஆண்டு டெல்லியில் மட்டும், வெறும் 10 பேருக்கு. 1964-இல் நாடு முழுமைக்கும் 350 உதவித்தொகைகள். தேர்ந்தெடுத்த முறையைப் பாருங்கள்: அறிவியல் திறன் தேர்வு ஒன்று, கொடுக்கப்பட்ட அறிவியல் பொருளில் ஒரு கட்டுரை, மாணவரே செய்த செயல்திட்டத்தின் அறிக்கை, கடைசியில் நேர்முகம். தேறியவர்கள் அடிப்படை அறிவியல் படித்தால் முனைவர் பட்டம் வரைக்கும் பணம் கிடைக்கும். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல்.

1976-இல் அது மாறியது. சமூக அறிவியல், பொறியியல், மருத்துவம் எல்லாவற்றுக்கும் திட்டத்தை விரித்தார்கள். எண்ணிக்கை 500 ஆனது. அதோடு கட்டுரையும் செயல்திட்ட அறிக்கையும் காணாமல் போயின. அவற்றின் இடத்தில் பல தேர்வு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தாள்கள் இரண்டு. ஏன் என்பது நமக்குத் தெரியாததா? லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் கட்டுரையை யார் உட்கார்ந்து திருத்துவது? வாசலை அகலமாக்கினார்கள், சரிதான். ஆனால் ஒரு பிள்ளை தானாக என்ன யோசித்தது என்று பார்க்கும் சன்னலையும் அன்றைக்கே அடைத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. பின்னர் 1999-இல் வந்த 'கிஷோர் வைஞானிக் புரோத்சாஹன் யோஜனா' ஆராய்ச்சி ஆர்வமுள்ள இளையோரைத் தேடியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நடத்தியது. தேறியவர்களுக்கு விடுமுறை முகாம்களும் உண்டு. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழ்வழியில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அறிவியலோடு சேர்த்து மொழியும் ஒரு தேர்வானது. 2022-இல் அத்திட்டம் 'இன்ஸ்பையர்' திட்டத்தோடு சேர்க்கப்பட்டது.

இனி நம் பக்கம் வருவோம். அதற்கு முன் பால்டிமோர் நகரில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாங்கிக்கு வரும் பாதை அங்கிருந்துதான் கிளம்பியது. 1960-களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி வகுப்புக்கு வந்த ஒரு சிறுவன் பெரியவர்களையெல்லாம் மிஞ்சிக்கொண்டிருந்தான். அவனை எப்படிச் சோதிப்பது என்று பேராசிரியர் ஜூலியன் ஸ்டான்லிக்குப் புரியவில்லை. அவன் வயதுக்குரிய தாளைக் கொடுத்தால் எல்லாம் சரியாகத்தான் வரும், அதில் என்ன தெரியும்? ஆகவே, பல்கலைக்கழகம் புகும் 17, 18 வயதினருக்கான தாளையே கொடுத்தார். நன்றாகச் செய்தான். 13 வயதில் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்துவிட்டான். மேல்வகுப்புத் தாளைக் கொடுத்துத் திறனைக் கண்டறியும் முறை இப்படித்தான் பிறந்தது. 1971-இல் ஸ்டான்லி தம் ஆய்வைத் தொடங்கினார். 1972-இல் பால்டிமோர் வட்டாரத்து மாணவர்கள் 450 பேர் முதல் தேடலில் எழுதினார்கள். 1979-இல் அது ஒரு நிலையான மையமானது. பின்னர் கோடை வகுப்புகளையும் நடத்தியது.

அந்த மையத்தோடு கைகோத்துத்தான் நம் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2009-இல் 'பெர்மாத்தா பிந்தார்' திட்டத்தைத் தொடங்கியது. செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் காஜாங்கைத் தாண்டி யுகேஎம் நிலையம். ஸ்ரீ கெம்பாங்கான் பிள்ளைக்கு இது அடுத்த ஊர் மாதிரி. முதலில் 'யுகேஎம் 1' என்ற இணையச் சோதனை, ஆரம்ப ஆண்டுகளில் 8 முதல் 15 வயதினர் யாரும் எழுதலாம். அதில் தேறினால் 'யுகேஎம் 2'. அதிலும் தேறினால் மூன்று வாரத் தங்கும் முகாம். அமெரிக்காவில் அது கோடை முகாம். நமக்கு ஏது கோடை? டிசம்பர் பள்ளி விடுமுறையில் வைத்தார்கள், பெயரும் 'பள்ளி விடுமுறை முகாம்' என்றே வந்தது. முதல் முகாம் 2009 டிசம்பரில் பாங்கி வளாகத்தில் நடந்தது. 2011-இல் அதே வளாகத்தில் முழுநேரக் கல்லூரியும் திறந்தார்கள். இப்போது அந்த மையத்தின் பெயர் 'ஜீனியஸ் பிந்தார்'.

திறந்த சோதனை, பள்ளி வேறுபாடு இல்லை, இணையத்திலேயே எழுதலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2009-இல் எத்தனை தோட்டப்புற வீடுகளில் இணையம் இருந்தது? மலிவு விலை அடுக்குமாடியில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி இருந்த காலம் அது. இணையம் இருந்தவர்களுக்கும் செய்தி வந்து சேர வேண்டுமே. நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில், ஓர் அறிவியல் முகாமின் சுற்றறிக்கை முடிவுநாள் கடந்து நான்கு நாள் கழித்துத்தான் அறிவிப்புப் பலகைக்கு வந்தது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, நானும் அந்தப் பலகையைத் தினமும் கடந்து போனவள்தான். அன்றிலிருந்து இந்தத் தேதிகளை என் நாட்குறிப்பில் நானே குறித்து வைக்கிறேன்.

மொழிக் கதை இன்னும் சிக்கல். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்று ஆனது, தமிழ்ப்பள்ளியிலும் வந்தது. 2009 ஜூலையில் அக்கொள்கை கைவிடப்படுவதாக அறிவித்தார்கள், படிப்படியாகத் தமிழ்ப்பள்ளி அறிவியல் தமிழுக்குத் திரும்பியது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்தபோது தமிழ்ப்பள்ளிகளில் எழுந்த வாக்குவாதம் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இதன் நடுவே வளர்ந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆறாம் ஆண்டு வரை 'ஒளிச்சேர்க்கை' என்று படித்து, படிவம் ஒன்றில் 'ஃபோட்டோசிந்தேசிஸ்' என்று மலாயில் எழுதி, முகாம் விண்ணப்பத்தில் அதையே ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். கருத்து அதே கருத்துதான். தயங்குவது நாக்கு.

அந்தத் தயக்கத்தைப் போக்க நம் சமூகமே செய்த முயற்சி ஒன்று உண்டு. ஆஸ்தி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்தும் அறிவியல் விழா. பிள்ளைகள் சோதனையைச் செய்து, தமிழிலேயே விளக்கி, நீதிபதிகளின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். பள்ளியில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று போகும் போட்டி. இதில் நின்று பேசிய பிள்ளை இடைநிலைப்பள்ளிக்கு வந்தால் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். கேள்வி கேட்டால் தரையைப் பார்க்காது. படிவம் ஆறு மாணவர்களுக்கும் பல்கலைக்கழக இளையோருக்கும் ஆசிய அறிவியல் முகாம் இருக்கிறது. நோபல் அறிஞர்கள் யுவான் லீ, கோஷிபா இருவரின் யோசனையில் 2007-இல் தைப்பேயில் தொடங்கி, 2017-இல் நம் கம்பாருக்கே வந்தது.

சரி, அந்த மாணவி. உட்கார வைத்தேன் என்றேன் அல்லவா? "கண்டுபிடிச்சதை எழுதச் சொல்லலம்மா, கேள்வியத்தான் கேக்குறாங்க. வீட்டுல யாரும் சொல்லி, உனக்குப் புரியாம போனது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விழித்தாள். பிறகு பாட்டியைப் பற்றிச் சொன்னாள். பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்குப் போய், விடிவதற்குள் மரத்தடியில் நிற்பாராம். "வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்" என்பது பாட்டியின் பேச்சு. ஏன் நிற்கிறது என்று பேத்தி கேட்டதற்கு, "மரத்துக்குத் தெரியும்" என்றாராம்.

எனக்கு மெய்சிலிர்த்தது. நம் தாத்தா பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் சொல்லிவந்த ஒரு செய்தி, அதற்குப் பின்னால் முழுத் தாவரவியலே இருக்கிறது. இரவில் இலைகள் நீரை ஆவியாக விடுவது குறைவு. அதனால் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி, விடியலில் உச்சத்தில் இருக்கிறது. வெயில் வந்ததும் இலை நீரை இழக்கிறது, அழுத்தம் இறங்குகிறது, பாலின் ஓட்டமும் குறைகிறது. 1925-இல் இந்நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக்கென்றே ஒரு கழகத்தைச் சட்டமியற்றி அமைத்தார்கள். மரம் வெட்டியவர்களோ விடியலின் கணக்கைத் தம் உடம்பிலேயே வைத்திருந்தார்கள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. உயிரியல் ஆசிரியரிடம் போய்க் கேள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

முதலில் தமிழில் எழுதினாள், ஒன்றரைப் பக்கம். பாட்டியின் சொற்கள் அப்படியே: மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு. பிறகு ஆங்கில ஆசிரியரோடு உட்கார்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாள். 'மங்கு' மட்டும் அவளுக்கு இடித்தது. வெறும் கோப்பை என்று எழுத மனம் வரவில்லையாம். அந்தச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் விளக்கம் கொடுத்தாள். மூன்று முறை திருத்தினாள். அனுப்பினாள்.

இடம் கிடைக்கவில்லை. மின்னஞ்சலில் இரண்டு வரிப் பதில். அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. டெர்மன் கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆறுதலுக்கு நோபல் பரிசைக் காட்டுவது 16 வயதுப் பிள்ளைக்கு என்ன ஆறுதல்?

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள் ஒரு பயிற்சிப் புத்தகத்தோடு வந்தாள். கோலா சிலாங்கூர் பக்கம் மாமாவின் சிறு தோட்டத்தில் நான்கு பால் மரங்கள் இருக்கின்றனவாம். பாட்டியையும் அழைத்துப்போயிருக்கிறாள். வெட்டியது பாட்டி, அளந்தது இவள். முதல் மரத்தை ஐந்து மணிக்கு, அடுத்ததை ஏழு மணிக்கு, அடுத்தவற்றை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை அளவுக் குவளையில் ஊற்றி எழுதி வைத்திருந்தாள். நேரம் ஏற ஏறக் குறைந்துதான் இருந்தது. ஆனால் பாட்டி சொன்ன மாதிரி நின்றுவிடவில்லை. உயிரியல் ஆசிரியர் பார்த்துவிட்டு, நான்கு மரமும் ஒரே மாதிரிப் பால் தருமா என்று ஒரு கேள்வி போட்டாராம்.

"அதான் டீச்சர், அடுத்த லீவுல ஒரே மரத்த வேற வேற நாள்ல, வேற வேற நேரத்துல வெட்டணும். மழை பெய்ஞ்சா அந்த நாளைக் கணக்குல சேக்கக் கூடாது. பாட்டிகிட்ட சொல்லிட்டேன்."

இந்த ஆண்டு விண்ணப்பத்தின் முடிவுநாள் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அவள் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருக்கிறது.